ஒரு வரி கீழே

என் தங்கை கணவருக்கு ஆபீசில் 'ரீஸ்டார்ட்' என்று பெயர். எந்தக் கோளாறைக் காட்டினாலும் "ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்களேன்" என்பார். தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் இவரை இங்கே சேர்த்துவிட்ட பாவி நான்தான். அன்றிலிருந்து எதிர் மேஜையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நாடித்துடிப்பைக் காட்டும் கருவி. போன மாதத்திலிருந்து, நூறு தடவை போட்டால் இரண்டு தடவை, திரை வருவதற்குள் கர்னலே சுருண்டு விழுந்தது. கருவிக்குள் ஓடும் புரோகிராம்களுக்கெல்லாம் கர்னல்தான் அடித்தளம், அது விழுந்தால் மேலே எதுவும் நிற்காது. அதை எழுதியவன் நான். கருவி கிளம்பும்போது புரோகிராம்கள் முட்டிக்கொள்ளாமல் 'நில்', 'போ' என்று சிக்னல் கொடுக்கும் காவலாளி புரோகிராம் மாப்பிள்ளையுடையது. போன மாதம்தான் சேர்த்தோம். யார் மேல் சந்தேகம் வரும்?

"பொறந்த புரோகிராம் இன்னும் கண்ணே தொறக்கல, அதுக்குள்ள சிக்னலா? மாப்ளைக்கு அவ்ளோ அவசரம்!" என்றேன் மீட்டிங்கில்.

"எப்ப அனுப்புனாலும் கர்னல் விழக் கூடாதுல்ல மச்சான்?"

வாய்விட்டுச் சிரித்தேன். மேனேஜரும் சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் எழுத்தில் வேண்டும், தப்பு காவலாளியில் என்றால் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புதன் மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து, கர்னல் விழுந்த தடத்தைப் பிடித்தேன். அப்போதுதான் கிளம்பிய புரோகிராம் கர்னலின் பதிவேட்டில் ஏறிவிட்டது; ஏறினாலே அதற்குச் சிக்னல் வரலாம். சிக்னல் வந்தால் என்ன செய்வது என்கிற அட்டவணை அதற்கு இன்னும் கொடுக்கப்படவில்லை. அந்த இடைவெளியில் சிக்னல் வந்ததும், இல்லாத அட்டவணையைத் திறக்கப் போய் கர்னல் விழுந்திருக்கிறது. அட்டவணையைக் கொடுத்த பிறகல்லவா பதிவேட்டில் ஏற்ற வேண்டும்? நேற்றுச் சேர்ந்தவன்கூட இப்படி எழுத மாட்டான். எந்த மடையன் என்று பார்த்தேன். என் பெயர். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒன்றும் தெரியாத அந்த ஆள் போகிற போக்கில் சரியாகச் சொல்லிவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

பதிவேட்டில் ஏற்றும் வரியைக் கீழே இறக்கினேன். இரண்டாயிரம் தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட விழவில்லை. காரணம் என்ற இடத்தில் 'நேரங்கெட்ட நேரத்தில் வரும் சிக்னலையும் தாங்கும்படி கர்னல் பலப்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேனேஜர் என் முதுகில் தட்டினார். பத்தே நிமிடத்தில் மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்.

திரும்பி வந்தவர் சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டார். அவர் திரையில் என் திருத்தம் திறந்திருந்தது.

"ஒரு வரிய கீழ எறக்கியிருக்கீங்க. அவ்ளோதானே மச்சான்?"

"மேனேஜர்கிட்ட போய்ச் சொல்றதுதானே?" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவரு நம்ப மாட்டாரு. உங்க தங்கச்சி நம்புவா." பையின் ஜிப்பை இழுத்தார். "அவகிட்ட சொல்லப் போறதில்ல. எங்கண்ணன் மாதிரி வருமான்னு தெனமும் எனக்குப் பாடம் எடுக்கிறா. அவளுக்கு அந்த நெனப்பாவது இருக்கட்டும்."