அக்கரைக் கோணம்

ரலிட்ஸா என்ற பெயரைக் கேட்டாலே திமானாவுக்கு வயிறு எரிந்தது. அர்தா ஆற்றுக்குத் தொங்குபாலம் போட வந்த அளவைக் குழுவில் அவள் புதியவள். ஆனாலும் தலைவர் ஸ்தாமென் வாயில் அவள் பேச்சுதான்.

"இவ முக்கோணத்தைப் பாரு திமானா! மூணு கோணத்தையும் கூட்டினா நூத்தியெண்பது, மயிரிழை பிசகல. உன்னோடது எப்பவும் கொஞ்சம் இடிக்குதே?"

ஆற்றின் குறுக்கே நாடா பிடிக்க முடியாது. இக்கரையில் ஒரு பக்கத்தை அளந்து, அதன் இரு முனைக் கம்பங்களிலும் கோணம் எடுத்தால் அகலம் கணக்கில் வந்துவிடும். அந்த இரண்டும் சரிதானா என்று பார்க்கத்தான் அக்கரைப் பாறையிலிருந்து மூன்றாவது கோணம். எந்தக் கருவியிலும் சிறு பிசகு இருக்கும். இவளுக்கு மட்டும் எப்படி ஒவ்வொரு முறையும் கச்சிதமாக வருகிறது?

படகோட்டி கோலியோவிடம் விசாரித்தாள்.

"அந்தப் பொண்ணா? என் படகுல காலே வச்சதில்லையே. தண்ணின்னா நடுங்குமே அது!"

திமானாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டை அளந்துவிட்டு, நூற்றெண்பதிலிருந்து அவற்றைக் கழித்து மூன்றாவதை எழுதியிருக்கிறாள் கள்ளி! உடனே கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். பாறையில் நின்று அவசர அவசரமாக அளந்தாள். ரலிட்ஸா எழுதியதிலிருந்து கோணம் நன்றாகவே விலகியிருந்தது. மனசு துள்ளியது.

மதியம் எல்லோரும் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருக்கும்போது போட்டு உடைத்தாள். "உங்க தங்கப் பொண்ணு அக்கரைக்கே போகல ஐயா. இந்த அளவை நம்பி வடம் வாங்கினா எட்டாம தொங்கும்!"

ரலிட்ஸா தலை குனிந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. திமானாவுக்கு அது தேனாய் இனித்தது.

ஸ்தாமென் எழுந்துபோய் இக்கரைக் கோணங்கள் இரண்டையும் தானே அளந்து பார்த்தார். இரண்டும் சரி.

"திமானா, பாறையிலிருந்து இடப்பக்கம் எந்தக் கம்பத்தைப் பார்த்த?"

"வெள்ளைக் கம்பத்தை."

"அது ஆட்டுப் பட்டிக் கம்பம். நம்மளோடது சிவப்பு."

சிரிப்பு வெடித்தது. திமானாவின் காது மடல் சுட்டது. பொய் எழுதியவள் அளவு சரி, ஆற்றைக் கடந்தவள் அளவு தப்பு!

"சிரிக்காதீங்க," என்று அதட்டினார் ஸ்தாமென். "அளக்காம எழுதறது அதைவிடப் பெரிய தப்பு. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போய் அளந்துட்டு வாங்க."

மறுநாள் படகு ஆடியபோது ரலிட்ஸா திமானாவின் கையை இறுகப் பற்றினாள். "அக்கா, விட்டுடாதீங்க அக்கா!" உதறிவிடத் தோன்றியது. ஆனால் அந்த விரல்கள் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தன. திமானா கையை விலக்கவில்லை.

பாறையில் ரலிட்ஸாவே அளந்தாள், நிதானமாக, சிவப்புக் கம்பத்தைப் பார்த்து. கூட்டினாள். நூற்றெண்பது வரவில்லை. துளி குறைந்தது. மறுபடி அளந்தாள். மறுபடியும் குறைந்தது.

"என்னக்கா, இடிக்குதே?" அவள் முகம் சுருங்கியது.

"இடிக்கத்தான் செய்யும். அப்படியே எழுது," என்றாள் திமானா. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.