பின்வரிசை பிஸ்கட்

மனித குலம் பேசக் கற்றுக்கொண்டது இரண்டு முறை: ஒன்று ஆதியில், இன்னொன்று, மைக் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகு. முதலாவதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவதைப் பற்றி மைக்குக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மைக் தேவைப்படாத தொண்டை என்பதால்தான் அவனுக்கு மைக் என்று பெயர் வந்தது. குடிமக்களுக்கான தொண்டு அமைப்பு ஒன்றில் பயிற்சியாளன். அரசு அறிவிப்பைப் படிப்பது எப்படி, கூட்டத்தில் எழுந்து ஆட்சேபம் சொல்வது எப்படி என்று தெருத்தெருவாகப் போய் இலவசமாகக் கற்றுக்கொடுத்தான். கூட்டத்துக்கு வந்து, வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டும் முடித்துக்கொண்டு வாய் பேசாமல் கிளம்புகிறவர்களுக்கு அவன் வைத்த பெயர் ‘பிஸ்கட் குடிமக்கள்’. வாய் நிறைய பிஸ்கட் இருந்தால் ஜனநாயகம் எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பின்வரிசையும் மென்றுகொண்டே சிரிக்கும்.

நன்கொடை நின்றுபோன வாரம், அமைப்பின் தலைவியான மேடம் ஒரு வக்கீலை அழைத்துவந்தார். மருந்துக்கும் சிரிக்காத மனிதர்.

“தொண்டு அமைப்பு சம்பாதிக்கலாம், தப்பே இல்ல,” என்றார் வக்கீல். “நம்ம நோக்கத்தோட பொருந்தணும், வரி கட்டணும், கட்சி வாடை கூடாது. ரோடு போடுறவங்க ஜனங்ககிட்ட கருத்துக் கேட்டே ஆகணும்னு சட்டம். கேக்கத் தெரிஞ்சவங்க நாம. கட்டணம் வாங்கிட்டு கூட்டத்த நடத்திக் கொடுப்போம். ஆனா நாம நடுநிலை. நம்ம ஊழியர் யாரும், லீவு போட்டுட்டு தனி ஆளா வந்தாக்கூட, எந்தக் கூட்டத்துலயும் கருத்து சொல்லக் கூடாது.”

விதிகளின் தாள் வந்தது. மைக் முழுவதும் படித்தான். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை அவன். படித்ததோடு நிற்காமல் ஒரு விதியைச் சேர்க்கவும் சொன்னான்: வந்துவிட்டுப் பேசாமல் போகிறவர்களை ‘ஆட்சேபம் இல்லை’ என்று குறிக்க வேண்டும்.

“பிஸ்கட் குடிமக்களுக்கு அப்பதான் சார் ரோஷம் வரும்.”

வக்கீல் அவனை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “நல்ல விதி,” என்றார். “கூட்டமும் சீக்கிரம் முடியும்.”

முதல் இரண்டு கூட்டங்களும் சீக்கிரம் முடிந்தன. யாருக்கும் ரோஷம் வந்ததாகப் பதிவாகவில்லை. ஒரு மாதம் கழித்து, முதல் கூட்டம் நடந்த பாலத்துப் பக்கம் மைக் போனபோது, ஒரு வீட்டின் உட்சுவர் மட்டும் வெட்டவெளியில் நின்றது. அதில் நாட்காட்டி இன்னும் தொங்கியது. காற்று நிதானமாகத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவன் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனான்.

மூன்றாவது ஒப்பந்தம் வரைபடத்தோடு வந்தது. மேடம் அதை மேசையில் விரித்தார். புது ரோடு போகும் சிவப்புக் கோட்டின் மேல் மைக் விரலை நகர்த்திக்கொண்டே போனான். தண்ணீர்த் தொட்டி. தையல் கடை. அடுத்த வீட்டில் விரல் நின்றது.

“சார், இது எங்க அக்கா வீடு. அத்தான் போனப்புறம் அவளுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“தெரியும்,” என்றார் வக்கீல். “விசாரிச்சுட்டோம். அக்கா தாராளமா வரலாம், பேசலாம். நீங்களும் லீவு போட்டுட்டு வரலாம். பேசத்தான் கூடாது.”

“பேசினா?”

“கூட்டம் செல்லாது. ரெண்டு வாரத்துல வேற ஆள வச்சு மறுபடி நடத்துவாங்க. நம்ம பதிவு ரத்தாகும், இங்க இருக்கிற பதினோரு பேருக்கும் வேல போகும். டீ சொல்லட்டுமா?”

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். வாசல் சுவரில் சிவப்பு மையில் ஓர் எண். அதற்குக் கீழே அக்கா உற்சாகமாக உட்கார்ந்திருந்தாள்.

“என்னடா மூஞ்சி தொங்குது? தெருவே பயந்து கெடந்துச்சு. நான்தான் சொன்னேன், எந்தம்பி வாயத் தொறந்தா ரோடு தானா வளைஞ்சு போகும்னு.”

“நீயும் ரெண்டு வார்த்த பேசேன்க்கா.”

“நானா? நாக்கு மேல ஒட்டிக்கும். டெய்லர் அண்ணனும் அதான் சொல்றாரு, தம்பி பேசட்டும், நடுவுல நாம உளறிக் கெடுக்க வேணாம்னு. எல்லாரும் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம்.”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். ஊருக்கே பேசக் கற்றுக்கொடுத்தவனுக்கு, ‘என்னால் பேச முடியாது’ என்ற மூன்று சொல் வரவில்லை.

“பாத்துக்கலாம்க்கா,” என்றான்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. கதவருகே வருகைத் தாள். அக்காவுக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போட்டான். அவள் முன்வரிசைக்குப் போனாள். அவன் பின்வரிசைக்குப் போனான்.

மேடம் விதிகளை வாசித்தார். பேசாதவர்கள் ஆட்சேபம் இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள் என்ற இடம் வந்ததும், அவர் குரல் சற்றுத் தடுமாறியதாக மைக்குக்குத் தோன்றியது. தடுமாறவில்லை, பக்கம் திருப்பினார்.

“ஆட்சேபம் இருக்கிறவங்க எழுந்து சொல்லலாம்.”

யாரும் எழவில்லை. டெய்லர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட, தெரு முழுவதும் பின்வரிசையைப் பார்த்தது. அக்கா கடைசியாகத் திரும்பினாள். ‘ம், ஆரம்பி’ என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

சுவரோரம் நின்ற வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். மேடையில் ஒருவர் வருகைத் தாளில் பெயர் பெயராக டிக் போட்டுக்கொண்டு வந்தார். பேனா உராயும் சத்தம் பின்வரிசைவரை கேட்டது.

அக்கா இன்னும் திரும்பியபடியே இருந்தாள். புருவம் மட்டும் இறங்கியிருந்தது.

டீத்தட்டு அவன் வரிசைக்கு வந்தது. மைக் தலையைக் குனிந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். அது நமுத்திருந்தது. கடித்தபோது சத்தமே வரவில்லை.