சுவர்ப் பக்கம் திருப்பிய சக்கரம்

…பேட்டரி இல்லை, பேட்டரியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ராத்திரி இறங்கிப் போச்சு டாக்டர் என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்திருக்கலாம், யார் மேலும் பழி இல்லை, ஆனால் மீட்டரை வைத்துப் பார்த்தாயிற்று, பேட்டரி குத்துக்கல் மாதிரி இருக்கிறது, ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாயிற்று, அதற்கும் ஒரு குறையும் இல்லை… டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, பிடரி பிரேக் பெடலில் இடிக்க, இரண்டு கால்களும் சீட்டின் மேலேறிக் கதவுக்கு வெளியே தொங்க, அவன் தலைகீழாகக் கிடந்தான். தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி, அதற்குள் நுழைவது கட்டிலுக்கு அடியில் விழுந்த சாவியைத் தேடப் போவது மாதிரி, இந்த வயதில் இந்தத் தொப்பையோடு… பெண்டாட்டி பார்த்தால் சிரிப்பாள். சிரிப்பாளா? நேற்று வரை சிரித்திருப்பாள். கண்ணாடி அறைக்குள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாளோ, சத்தமே இல்லை, போன் பேசினால்கூட இங்கே கேட்குமே. முகத்துக்கு நேர் மேலே ஸ்டியரிங் தண்டு, அதன் இடுப்பில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி, பூட்டு அதற்குள்தான் இருக்கிறது. தண்டில் ஒரு பள்ளம், பள்ளத்தில் இறங்கி உட்கார ஒரு இரும்பு முளை, முளையை ஏற்றி இறக்க ஒரு குட்டி மோட்டார், அவ்வளவுதான் சமாச்சாரம். பொத்தானை அமுக்கினால் மோட்டார் முளையை மேலே இழுக்க வேண்டும், இழுத்தால்தான் இன்ஜின் கிளம்பும், இழுக்கவில்லை, கண்ணாடித் திரையில் ஸ்டியரிங் பூட்டியிருக்கிறது என்று சிவப்பாக வருகிறது, கோடி ரூபாய் வண்டி கட்டை மாதிரி நிற்கிறது. அவள் நேற்று கம்ப்யூட்டரை மாட்டினாளே, அந்த இடம் இதோ, கைக்கெட்டும் தூரத்தில், மூடிகூட ஒழுங்காக மூடியிருக்கிறது. ஏதாவது ஒரு வயர் கழன்று தொங்காதா, ஒரு பின் வளைந்திருக்காதா… அப்போதுதான் உறைத்தது, கோளாறைத் தேடவில்லை நான், சாட்சி தேடுகிறேன்.

காலையில் என்ன நடந்துவிட்டது அப்படி? வண்டியை எடுத்துப்போகப் பல் டாக்டர் வந்தார், பொத்தானை அமுக்கினார், வண்டி கிளம்பவில்லை, மறுபடி அமுக்கினார், மறுபடி, மறுபடி, அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டு, "மேடம், ஸ்டியரிங் லாக்குன்னு என்னமோ காட்டுதே, என்ன ப்ராப்ளம்?" என்று கேட்டார். மேடம். அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே ஸ்பானரும் கையுமாக நிற்கிறான், ஆறடி உயர ஆள், கண்ணுக்குத் தெரியாமலா போய்விட்டான்? அவர் பார்வை அவனைத் தாண்டிக் கண்ணாடி அறை வாசலில் நின்ற அவளிடம் போயிற்று. போகாமல் என்ன செய்யும், ஏசி ஏன் குளிரவில்லை என்று பாதி நாள் அவன் முழித்துக்கொண்டிருந்ததை டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்தவள் அவள், டாக்டருக்குப் போன் போட்டு விளக்கியவளும் அவள்தானே. "ஒரு நிமிஷம் டாக்டர், ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்" என்று கேபிளை எடுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்கு இவன் எதற்கு அப்படிக் கத்த வேண்டும்? "பார்த்தது போதும் டீச்சரம்மா! நல்லா இருந்த வண்டியில வயரை மாட்டி நோண்டினா பூட்டிக்காம என்ன பண்ணும்? டாக்டர், நீங்க பல்லு பிடுங்கறப்ப குறுக்க நான் வந்து கைய விட்டா சும்மா இருப்பீங்களா?" டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்ததும் வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியதே, அதை நினைத்தால்தான்… எதிர்ப்பக்கத்துத் தையல்கடையில் மெஷின் நின்றது. தையல்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவள் கேபிளை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றினாள், அவசரப்படாமல், சிக்கல் விழாமல், சுற்றி முடித்துவிட்டு உள்ளே போனாள், சரியானதும் கூப்பிடச் சொல்லிவிட்டு டாக்டரும் கிளம்பினார். கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள், வாங்கின சம்பளத்தை விட்டுவிட்டு இந்த ஆயில் நாற்றத்துக்கு எதற்கு வந்தாள்? அவன்தானே கூப்பிட்டான், வண்டியெல்லாம் கம்ப்யூட்டராப் போச்சு, நீ வந்தா எனக்கு யானை பலம் என்று, அன்றைக்கு அவள் கையைக்கூடப் பிடித்துக்கொண்டு…

சரி, வேலையைப் பார். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அலுமினியப் பெட்டியில் மெல்லத் தட்டினான், சில சமயம் முளை துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும், தட்டினால் விடும், ஒன்றும் ஆகவில்லை. காலையில் டாக்டர் முதல் தடவை அமுக்கியபோது டிர்ர் என்று ஒரு சத்தம் வந்ததே, அடுத்த தடவையும் வந்தது, கொஞ்சம் சோர்வாக, அப்புறம்தான் நின்றது. அப்படியென்றால் மோட்டார் செத்துப்போகவில்லை. முயற்சி செய்திருக்கிறது பாவம், இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறது, முளை வரவில்லை, அலுத்துப்போய் இனி என்னால் ஆகாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. முளை ஏன் வரவில்லை? எதுவோ அதை நெரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எது? டார்ச்சைத் திருப்பினான், வெளிச்சம் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலிருந்த சின்னத்தில் விழுந்தது, கோணலாக இருந்தது. தலைகீழாகக் கிடக்கிறோமே, அதனால் அப்படித் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தான், கழுத்தைத் திருப்பிப் பார்த்தான், அப்போதும் கோணல்தான், சக்கரம் ஒரேயடியாக இடதுபக்கம், சுவர்ப் பக்கம், திரும்பி நின்றது. வாயிலிருந்த டார்ச் நழுவிக் காதோரம் விழுந்தது. கடவுளே… நேற்று சாயங்காலம் வண்டியை உள்ளே விட்டது யார்?

யாரும் இல்லை, அவனேதான். பட்டறைத் தரை தெருவைப் பார்த்துச் சரிவு, ஒரு தடவை நிறுத்தியிருந்த வேன் ஒன்று தானாக உருண்டு போய்த் தையல்காரரின் பெயர்ப்பலகையை நசுக்கிவிட்டது, அந்த நசுங்கல் இன்னும் அப்படியே இருக்கிறது, போட்ட சண்டையும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் இன்ஜினை அணைத்த பிறகு ஸ்டியரிங்கைச் சுவர்ப் பக்கம் ஒடித்து, முன்சக்கரத்தை சிமெண்ட் விளிம்பில் அழுத்தி, டக் என்று பூட்டு விழுந்ததும் இன்னொரு இழுப்பு. அந்தக் கடைசி இழுப்பு இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது, அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்க்கிறவர்கள் மாதிரி. பழைய வண்டிகளில் அது ஒன்றும் செய்யாது, காலையில் ஸ்டியரிங்கை ஓர் ஆட்டு ஆட்டிச் சாவியைத் திருப்பினால் விடும், கை பலம் இருக்கிறதே. இங்கே கை ஏது, தீப்பெட்டிக்குள் ஒரு மோட்டார், அதன் தலையில் விளிம்பில் நசுங்கிய டயரின் மொத்த முறுக்கையும் ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருக்கிறான். உன் கண்ணெதிரே உன் கையால் செய்த காரியம்… அவளை அல்லவா சந்தியில் நிறுத்தினாய். வண்டியிலிருந்து வெளியே வந்தான், வந்ததும் முதலில் தோன்றியது வருத்தம்கூட இல்லை, அதுதான் அசிங்கம், யாருக்கும் தெரியாதே என்பதுதான் முதலில் தோன்றியது. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினால் டயர் விளிம்பை விட்டுவிடும், முறுக்கு போய்விடும், கிளப்பிவிட்டு, ஒரு வயரைச் சரிபண்ணினேன் டாக்டர் என்று சொல்லிவிட்டால் போயிற்று. ஜாக்கியை உருட்டிக்கொண்டு வரும்போதே மனசு அந்தப் பொய்க்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தது. தூக்கினான், டயர் விளிம்பிலிருந்து வழுக்கி விடுபட்டது, ஸ்டியரிங் தளர்ந்தது, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினான். டிர்ர் இல்லை, ஒன்றுமே இல்லை, சிவப்பு எழுத்து மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததை யாராவது சமாதானம் சொல்லி எழுப்ப வேண்டும். அந்தப் பாஷை அவனுக்குத் தெரியாது, கேபிளும் கம்ப்யூட்டரும் கண்ணாடி அறைக்குள் இருந்தன.

கைத்துணியில் விரல் விரலாகத் துடைத்தான், துடைத்த விரலையே மறுபடி துடைத்தான், எவ்வளவு நேரம்தான் துடைப்பது… கதவை முட்டியால் தள்ளி, "இந்தா… கொஞ்சம் வரியா" என்றான். அவள் நிமிரவில்லை. "எதுக்கு? நோண்டவா?" என்றாள். அவனுக்குக் காது சுட்டது. கொஞ்ச நேரம் அவனை வாசலிலேயே நிற்கவிட்டு, பிறகு எழுந்து வந்தாள். ஜாக்கியைப் பார்த்தாள், திரும்பி நின்ற சக்கரத்தைப் பார்த்தாள், சிமெண்ட் விளிம்பில் புதிதாகக் கறுத்திருந்த ரப்பர் கோட்டைச் செருப்பு நுனியால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "நேத்து நான் சாமான் வாங்கப் போனதுக்கு அப்புறம்தானே வண்டியை உள்ள விட்டீங்க?" என்றாள். "ம்." "கடைசி இழுப்பு இழுத்தீங்களா?" "இழுத்தேன்." அவ்வளவுதான் கேட்டாள், கேட்டுவிட்டு உட்கார்ந்து கேபிளை மாட்டினாள், ஏன் இப்படி, ஒரு வார்த்தை திட்டினால் என்ன, திட்டினால் இவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதோ? "கோளாறுப் பதிவை அழிச்சிட்டேன். பிரேக்கை மிதிங்க, ஸ்டியரிங்கை லேசா ஆட்டிக்கிட்டே அமுக்குங்க. லேசான்னா லேசா, மாவு பிசையாதீங்க." டிர்ர்… டக். இன்ஜின் உறுமியது, தகரக் கூரை அதிர்ந்தது, அவன் முகம் சிரிக்கத் தயாராகி அவளைப் பார்த்தது, அவள் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தாள். அணைத்துவிட்டு, "டாக்டர் வரட்டும், நான் சொல்லிடறேன்" என்றான். "என்னன்னு?" "நடந்ததை." "சரி, வரச் சொல்றேன்" என்று போனை எடுத்தாள், குரலில் நம்பிக்கையும் இல்லை, நம்பிக்கையில்லாததும் இல்லை.

அதற்கப்புறம் டாக்டர் வரும்வரை அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகக் கட்டிப் பார்த்தான்… டாக்டர், காலையில நான் சொன்னது தப்பு… டாக்டர், இவங்க மேல ஒண்ணும் தப்பில்லை… எல்லாமே மனசுக்குள் கம்பீரமாகத்தான் இருந்தன. அவர் வந்தார், "என்ன சார், மேடம் பூட்டினதைத் திறந்துட்டீங்களா?" என்று தோளில் தட்டினார், அவள் பக்கம் திரும்பி, "மேடம், இனிமே என் வண்டி பக்கம் வந்தீங்க, மயக்க ஊசி போட்டுடுவேன்" என்றார். நல்ல மனுஷர், விகல்பமில்லாதவர், அந்த ஜோக்கே அவருடையது இல்லை, காலையில் இவன் கொடுத்தது, பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறார். அவள் சிரித்தாள், "சரிங்க டாக்டர்" என்றாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு தயாராக வந்தது, தடுக்காமல், தடுமாறாமல், இதற்கு முன்னால் எத்தனை தடவை சிரித்துப் பழகியிருந்தால் அப்படி வரும்… டாக்டர் ஏறினார், இன்ஜின் உறுமியது, அப்போது போய் இவன் குனிந்தான், "டாக்டர், அது அவ இல்ல, நான் நிறுத்தின விதத்துல…" அவர் காதில் கைவைத்து, "என்ன?" என்றார். "நான்தான்…" "தேங்க்ஸ் சார், தேங்க்ஸ்!" கண்ணாடி ஏறிவிட்டது, வண்டி சரிவில் இறங்கித் தெருவில் திரும்பி மறைந்தது. உறுமல் தேய்ந்ததும் வேறொரு சத்தம் கேட்டது, கடகடவென்று, எதிரே தையல் மெஷின். நிற்கவேயில்லை. காலையில் நின்ற மெஷின் இப்போது நிற்கவில்லை, அவ்வளவு சின்னக் குரலில் சொல்லியிருக்கிறான், அதுவும் இன்ஜின் ஓடும்வரை காத்திருந்து… காத்திருந்தேனா? தற்செயல்தானே? காலையில் மட்டும் எங்கிருந்து வந்தது அந்தத் தொண்டை?

பின்னால் அவள் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கேட்டுச்சு, விடுங்க" என்றாள். விடலாம், அவளே விடச் சொல்லிவிட்டாள், சாப்பாட்டு நேரம் வேறு, உள்ளே போய் எதிரெதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், எப்போதும் அப்படித்தான் சரியாகியிருக்கிறது… எப்போதும். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே அவளுக்குக் கேட்கும்படி சொன்னான், காலையில் சொன்னது அவளுக்குக் கேட்பதற்காகவா? அவள் தலைக்கு மேலாக அல்லவா வீசினான், டாக்டருக்கு, தெருவுக்கு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த அந்த ஆளுக்கு. கால் தானாகச் சரிவில் இறங்கியது, தெருவைக் கடந்தான், நசுங்கிய பலகைக்குக் கீழே போய் நின்றான், தையல்காரர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னப்பா, டீச்சரம்மா பூட்டுனதை ஒருவழியா திறந்துட்ட போல" என்றார், மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. "மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்றான். அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார், சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. காலையிலும் இதே அமைதிதான், அப்போது இது இவ்வளவு பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. பட்டறை வாசலில் அவள் நிற்கிறாளா, உள்ளே போய்விட்டாளா… திரும்பிப் பார்க்காமலே, எவ்வளவு சத்தமாக ஆரம்பித்தால் அந்த வாசல்வரைக்கும் கேட்கும் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.