பேரலின் அடிப்பக்கம்

ரைபிளை விற்கப்போவதாகச் சொல்லி அவர்கள் என் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால், இடது தோளில் கட்டுடன் மகள் பின்னால்.

சுடுதளத்தில் அவளுக்குப் பெயர் 'பத்து'. இலக்கின் நடுப்புள்ளிக்குப் பத்து மதிப்பெண். அதைத் தவிர வேறெதையும் அவள் சுட்டு நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. போன வருடம் திடீரென்று எட்டும் ஏழும் விழ ஆரம்பித்தன. அவளுக்குக் கை நடுங்குகிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ரைபிள் முனையில் மணல் பையைத் தொங்கவிட்டு தினமும் இரண்டு மணி நேரம் அவளை நிற்கவைத்தார். அழுதால் இன்னொரு கால் மணி நேரம். எட்டு மாதத்தில் தோளின் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி அந்தக் கை ரைபிளைத் தாங்காது.

"ஒரு தடவை உள்ள பாத்துருங்கண்ணே. வாங்குறவன் நாளைக்கு வந்து குறை சொல்லக் கூடாது" என்றார் அப்பா.

குண்டு பாயும் குழலான பேரலுக்குள் மெல்லிய கேமராவை விட்டேன். திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். தோட்டா உட்காரும் இடத்தைத் தாண்டியதுமே அடிப்பக்கம் மட்டும் கருகி, சொரசொரவென்று அரித்துக் கிடந்தது.

இந்த ரைபிளுக்குப் போடும் சின்னத் தோட்டாவின் விளிம்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கும். துப்பாக்கியின் ஊசி அடித்ததும் உரசிப் பற்றுவதற்காக அதில் கண்ணாடித் தூள் கலப்பார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தத் தூள் கொஞ்சம் பேரலின் அடியில் தங்கும். அடுத்த குண்டு அதை அரைத்துக்கொண்டு போகும். துடைக்காமல் விட்டால் எஃகையும் தின்றுவிடும்.

துடைக்காதே என்று சொன்ன மேதாவி நான்தான். "வெறும் ஈயக் குண்டு, ஆயுசுக்கும் தேயாது. கம்பி விட்டுத் தேச்சாத்தான் கெட்டுப்போகும்" என்று இதே மேசையில் வாய் கிழியப் பேசினேன். குறி தவற ஆரம்பித்தபோது அவர்கள் ரைபிளை என்னிடம் கொண்டுவரவில்லை. ஏன் கொண்டுவருவார்கள்? நான்தான் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேனே.

"என்னண்ணே, நல்லாத்தான இருக்கு?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரல் போச்சு. துடைக்க வேணாம்னு நான் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

"எப்பலேர்ந்து மாமா?"

"ரெண்டு வருஷமா அரிச்சிருக்கும்மா. போன வருஷத்துலேர்ந்து குண்டு நேரா போயிருக்காது."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்ப என் கை நடுங்கவே இல்லையாப்பா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் முழுவதும் என்மேலேயே திரும்பியது.

அவளே ரைபிளைப் பைக்குள் தள்ளி ஒற்றைக் கையால் ஜிப்பை இழுத்தாள். பை நகர்ந்ததே தவிர ஜிப் நகரவில்லை. பிடித்துக்கொள்ள நீண்ட அப்பாவின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு குனிந்து, பையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு இழுத்து மூடினாள்.