வயர் நிற்காத கை

இலக்கியாவின் கணவன் தீனதயாளன் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ஏரோபிரிட்ஜ் மெக்கானிக். கட்டடத்திலிருந்து நீண்டு வந்து விமானத்தின் கதவோடு ஒட்டிக்கொள்ளும் நடைபாலம்தான் ஏரோபிரிட்ஜ். கல்யாணமான சில வாரங்களிலேயே அவன் கிளம்பிவிட்டான். கச்சிராயபாளையத்து வீட்டில் அவளும் மாமியார் அமிர்தமும் மட்டும்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் சும்மா இருக்க வேண்டாமென்று அவன்தான் அந்த வேலையைப் பார்த்துச் சொன்னான். சென்னையில் ஒரு கம்பெனி, ஆனால் வீட்டிலிருந்தே வேலை. விமான நிலைய இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் அச்சு அசலாகச் செய்து, கண்ணில் மாட்டும் ஒரு கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள். வாங்க வருகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டால் வெறும் ஹாலில் முழுப் பாலமும் நிற்பது தெரியும். பழுது பார்க்கிறவர் மாட்டிக்கொண்டால், அவர் பார்ப்பதெல்லாம் இலக்கியாவின் திரைக்கு வரும். அவள் இங்கே வரைகிற அம்புக்குறி அங்கே அவர் கண்ணெதிரில், கழற்ற வேண்டிய போல்ட்டின் மேலேயே போய் நிற்கும்.

கேமரா அவர்கள் நெற்றியில் இருப்பதால் யார் முகமும் அவளுக்குத் தெரியாது. நாள் முழுக்கக் கைகள்தான். ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரிகள் உறுமிக்கொண்டு போகும். உள்ளே அவள் முகமில்லாதவர்களோடு பேசிக்கொண்டிருப்பாள்.

தீனதயாளனின் விமான நிலையமும் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்தான். எப்போதாவது அவன் அழைப்பு வரும். பேச்செல்லாம் பதிவாகும், சொந்த விஷயம் பேசக்கூடாது என்று மேலாளர் காசிநாதன் முன்பே சொல்லியிருந்தார்.

"வணக்கம் மேடம்" என்பான் அவன்.

"சொல்லுங்க சார்" என்பாள் அவள்.

ராத்திரி போனில் கூப்பிட்டால் களைப்பாக இருக்கிறது என்று சீக்கிரம் வைத்துவிடுவான். அதனால் அங்கே ஏதாவது பழுதாகட்டும் என்று அவள் மனசு ஏங்கும். பிறகு தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒருநாள் அவன் கையிலிருந்து ஒரு நட்டு நழுவி விழுந்தது. எடுத்தான். மறுபடியும் விழுந்தது. அன்று போனில் கேட்டாள். "கை இன்னாங்க நடுங்குது?"

"ஏசி ஜாஸ்தி. அதான்."

அடுத்த முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்குரூ முடுக்கினான். அவள் அம்புக்குறிகளை மெதுவாக நகர்த்தினாள். அவன் முடிக்கும்வரை அடுத்ததைக் காட்டவில்லை. மேலே யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் அவன் மறுபடி அழைத்தான். பயணிகள் ஏற ஏற விமானம் சற்றுத் தாழும். கூடவே பாலமும் தாழ வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் சுவிட்ச் கெட்டிருந்தது. அது வேலை செய்யாவிட்டால் திறந்திருக்கும் கதவு பாலத்தில் மாட்டிப் பிய்ந்துவிடும். வாசலில் நிற்கிறவர் கீழே விழலாம்.

புது சுவிட்சில் வயர்களைச் செருகி முடுக்கினான்.

"இழுத்துப் பாருங்க சார்."

இழுத்தான். வயர் கையோடு வந்தது. மறுபடி முடுக்கினான். மறுபடி வந்தது. பின்னால் யாரோ, விமானம் இறங்கிவிட்டது என்று இந்தியில் கத்துவது கேட்டது.

"இப்ப சரியா இருக்கு மேடம். மூடிடலாம்."

"இன்னொரு வாட்டி இழுங்க சார்."

அவன் இழுக்கவில்லை. உள்ளங்கையால் சுவிட்சை மூடிக்கொண்டான். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இலக்கியா, வுட்டுடு."

பதிவாகும் லைனில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அவள் விரல் நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டது. அவன் கண்ணெதிரே சிவப்புத் தடை விழுந்தது. மேலாளர் விடுவிக்கும்வரை அந்தப் பாலத்தை யாரும் இயக்க முடியாது.

காசிநாதன் லைனுக்கு வந்தார். "என்னம்மா காரணம்?"

"மெக்கானிக்குக் கை நடுங்குது சார். வயர் நிக்கல."

"அவர் உன் வீட்டுக்காரர்தானே?"

"ஆமா சார்."

அதன்பிறகு அவனிடமிருந்து போன் இல்லை. அவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வேலை போன செய்தியை அம்மாவிடம் மட்டும் சொன்னான்.

"அவன் பொழப்புல நீயே மண்ணைப் போட்டுட்டியேடி" என்றாள் அமிர்தம். அன்றிலிருந்து தனக்கு மட்டும் உலை வைத்துக்கொண்டாள்.

மாசி முடிவதற்குள் தீனதயாளன் ஒரு பையோடு வந்து இறங்கினான். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போது, இடமிருந்தும் அவள் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போனான். நரம்பு நோய், மாத்திரையில் நடுக்கம் குறையும், அடியோடு போகாது, நுணுக்கமான வேலை இனி வேண்டாம் என்றார் டாக்டர்.

தூரத்தில் இருந்தபோதாவது அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வீட்டில் எந்நேரமும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டான். அவள் எழுந்து போன பிறகுதான் தட்டில் கை வைத்தான்.

ஒரு மத்தியானம் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவன் திரும்பாமலே பேசினான்.

"ரெண்டாவது வாட்டி வயர் கையோட வந்தப்பவே நானா நிறுத்திருக்கணும்."

"நிறுத்திருப்பீங்க" என்றாள்.

"இல்ல. மூடிட்டுப் போய்டலாம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். பிளேன்ல இருக்கறவங்க நெனப்பே எனக்கு வரல." அப்போதும் அவன் திரும்பவில்லை. "உன்மேல கோவம் இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா அதான் ஞாபகம் வருது."

அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். அவன் துண்டைக் கைமேல் இழுத்துவிட்டு எழுந்துகொண்டான். உள்ளே கம்ப்யூட்டர் ஒலித்தது.

"போ. எவனோ காத்துக்கினு இருப்பான்."

அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். எந்த ஊரோ, யாருடைய கைகளோ திரையில் தெரிந்தன. "வணக்கம் மேடம்" என்றது ஒரு குரல். ஜன்னல் வழியே தீனதயாளன் அணைக்கட்டுப் பக்கம் தனியாக நடந்து போவது தெரிந்தது. அவன் மறையும்வரை பார்த்துவிட்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.