உட்கார்ந்து வெட்டுகிறவன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒருவரின் தலையில், வலது காதிலிருந்து உச்சிவரைக்கும் வளைவே இல்லாத ஒரு சாலையைப் போட்டவன் நான். அவர் பத்தொன்பது வருஷமாக என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார். அந்தச் சாலையைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். இடுப்பு வலிக்காக நான் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று வாங்கியிருந்தேன். நாலாம் நாள் காலையில் அந்தச் சக்கரங்கள் கிறீச்சிட்டன. கைக்குக் கிடைத்தது முடி வெட்டும் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய். தண்ணீர் மாதிரி மெல்லிசு அது. பிளேடுக்குப் போடுகிற மாதிரியே சக்கரத்துக்கு மூணு மூணு சொட்டு பக்தியோடு விட்டேன். பிறகு வாத்தியாரை உட்காரவைத்து, வலது பக்கத்தில் மெஷினை வைத்துக்கொண்டு, கொஞ்சம் பின்னால் நகரலாமே என்று காலால் லேசாக உந்தினேன். நான் போனேன். மெஷினும் என்னோடு வந்தது. வழியில் அவர் தலை இருந்தது.

கை கழுவும் தொட்டியில் முட்டித்தான் நின்றேன்.

வாத்தியார் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“வண்டில பிரேக் இருக்கா?”

“இல்லீங்க.”

“எத்தன நாளா ஓட்டுறீங்க?”

“நாலு நாளா.”

“முதல் வாரத்துல எல்லாரும் இப்படித்தான்,” என்றவர் கண்ணை மூடிக்கொண்டு, “மிச்சத்தையும் எடுத்துருங்க, காத்தாவது வரட்டும்,” என்றார்.

மிச்சத்தை எடுத்தது நான் இல்லை. பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் என் மைத்துனன் வந்து, என் கையிலிருந்து மெஷினை மெதுவாக வாங்கிக்கொண்டான். என் மனைவியின் தம்பி. கடை எங்கள் இருவருக்கும் பொது. நாற்காலி ரெண்டு, ஆளுக்கொன்று. வாத்தியார் தலையை ஒரே சீராக மழித்துக் கொடுத்தான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வலி வந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் விருந்தாளி மாதிரி நடத்தினேன்: தைலம், ஓய்வு, நலம் விசாரிப்பு. இப்போது அது வீட்டு ஆள். எந்த மெத்தை அதற்குப் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழும், எதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதைச் சமாளிக்க ஒரு படையே வைத்திருக்கிறேன். இடுப்புக்கு அகலப் பட்டை. முதுகுக்கு வெந்நீர்ப் பை. குனியாமல் செருப்பு மாட்ட முழங்கை நீளத்தில் ஒரு கரண்டி. கீழே விழுந்த சீப்பை எடுக்க, பிடியை அழுத்தினால் வாயைத் திறந்து மூடும் நீளக் குச்சி. கத்தரிக்கோலின் வளையங்களில்கூட மெத்தென்று ரப்பர் குழாய் சுற்றியிருக்கிறேன். மருந்துக் கடையில் வேலை செய்யும் என் மனைவி, புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் வாங்கிவந்துவிடுவாள். அந்த நீளக் குச்சியால் அவள் பக்கத்திலிருந்த டிவி ரிமோட்டை நான் எடுத்ததற்கு, குச்சியை ரெண்டு நாள் பறிமுதல் செய்துவைத்திருந்தாள்.

இத்தனை சாமான் இருந்தும் ஒரு கேள்விக்கு மட்டும் எதுவும் உதவவில்லை. நான் இன்னும் இந்த நாற்காலிக்குப் பின்னால் இருக்க லாயக்கானவனா, இல்லையா? எனக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது. ஒருத்தர் கலைந்த தலையோடு உள்ளே வந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே போவதைப் பார்ப்பதில் எனக்கு இருபத்தெட்டு வருஷமாக அலுப்புத் தட்டவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியைக் கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாததா?” என்றாள்.

“தெரிஞ்சா உன்ன எதுக்குக் கேக்குறேன்?”

“வெந்நீர்ப் பைய வெச்சுட்டுப் படுங்க. காலைல பேசிக்கலாம்.”

காலையில் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அடுத்து, என் இடுப்புக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ அம்மாவைக் கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனாலும் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். முட்டியைப் பிடித்து மடக்கும்போது தானாக வருகிற வார்த்தை அது. போனில் ஸ்டூலின் படத்தைக் காட்டினேன்.

“சக்கரம் வெச்சத யாரு வாங்கச் சொன்னா? நான் உட்காந்து வேலை செய்யத்தான சொன்னேன்?”

“பாக்க நல்லாயிருந்துச்சும்மா. பந்தய வண்டி மாதிரி.”

“சக்கரத்தக் கழட்டிட்டு ரப்பர் குமிழ் போடுங்க. ஒரு காலுக்குக் கீழ சின்னப் பலகை. நீங்க எதுக்கு நகரணும்? உங்க கஸ்டமர் உட்கார்ற நாற்காலி சுத்துமா, சுத்தாதா?”

அந்த நாற்காலி சுற்றும். ஏறும், இறங்கும், சாயவும் செய்யும். அத்தனையும் தெரிந்த நாற்காலியைச் சும்மா நிற்கவைத்துவிட்டு, நான்தான் இருபத்தெட்டு வருஷமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

“சரிம்மா. ஆனா நான் இன்னும் முடி வெட்டலாமா?”

“முதுகப் பத்திக் கேளுங்க, சொல்றேன். வெட்டு எப்படி இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்? தொழில் தெரிஞ்சவங்களக் கேளுங்க.”

தொழில் தெரிந்தவன் எனக்கு ஆறடி தூரத்தில்தான் இருந்தான். அவனைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குள் அவன் பிடரியே எனக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. மூன்று நாள் கழித்து, மெஷினை பிளக்கில் செருக அவன் குனிந்தபோது பார்த்தேன். பின்கழுத்தில் முடி முடிகிற இடம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருந்தது. நான் அங்கே வளைவாகத்தான் விடுவேன். அவனுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பிடரி கையெழுத்து மாதிரி. யார் போட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முடி வெட்டுகிறவனால் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அதனால் கடைக்கு விடுமுறையான நாளில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் அவனும் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வோம். ரெண்டு மாதமாக அவன் மட்டும் “இன்னும் வளரல மாமா” என்று நழுவிக்கொண்டிருந்தான். நானும் நம்பினேன். கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்த முடியைப் பார்த்துக்கொண்டே நம்பினேன்.

“மாப்ள, முடி எங்க வெட்டுன?”

“அது… போற வழில ஒரு வேலை இருந்துச்சு மாமா. அப்படியே…”

“அப்படியே?”

“ஒரு ஆள் உள்ள வராரு பாருங்க,” என்றான். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம், ரெண்டு பேரும்.

அடுத்த நாலு வாரம் நான் பேச்சை விட்டு வேலையில் இறங்கினேன். சக்கரங்கள் போய் ரப்பர் குமிழ் வந்தது. பலகை வந்தது. கத்தரி, சீப்பு, மெஷின் எல்லாவற்றையும் என் மார்பு உயரத்துக்கு ஒரு தட்டில் மாட்டினேன். வந்தவர்களை நாற்காலியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். “ராட்டினமா தாத்தா?” என்றது ஒரு குழந்தை. வாத்தியார்கூட, அரை விரக்கடை முளைத்த தலையோடு வந்து, என் நாற்காலியைத்தான் கேட்டு உட்கார்ந்தார். “இப்ப வண்டி நிக்குதுல்ல?” என்று மட்டும் விசாரித்துக்கொண்டார். வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மத்தியானத்தில் வருகிற வலி சாயங்காலம் வர ஆரம்பித்தது. எனக்கு அதுவே ஒரு பதவி உயர்வு.

விடுமுறை நாள் காலையில் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

“உட்காரு மாப்ள.”

“இன்னும் வளர…”

“என்கிட்ட அளவு சொல்லாத. உட்காரு.”

உட்கார்ந்தான். கழுத்தில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கழுத்தில் துணி, காதோரத்தில் கத்தி. இந்த நிலையில் எழுந்து ஓடியவனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலைப் பலகையில் வைத்து, நாற்காலியைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். அந்த அளவுகோல் கோட்டை அழித்துவிட்டு, பிடரியில் என் வளைவைப் போட்டேன். கை நிதானமாக இருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. அதனால்தான் கேட்கும் தைரியம் வந்தது.

“இப்ப சொல்லு. என் வெட்டு எப்படி இருக்கு? ஏன் வேற கடைக்குப் போன? உங்க அக்கா மூஞ்சியப் பாத்து மழுப்பாத. அவ இங்க இல்ல.”

கைக்கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன். முன்னால் பெரிய கண்ணாடி, கையில் சின்னக் கண்ணாடி. ரெண்டுக்கும் நடுவே தன் தலையை இடமும் வலமும் திருப்பி வெகுநேரம் பார்த்தான். ஏதாவது ஜோக் அடித்து அவனைத் தப்பிக்கவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

கண்ணாடியை மடியில் வைத்தான்.

“சரி, கேட்டுக்குங்க மாமா. ரெண்டு வருஷமா நீங்க நின்னு வெட்டுறது, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல நல்லா இல்ல. வலி வந்தா இடது பக்கம் சாஞ்சிடுறீங்க. வலது காதுக்கு மேல முடி தூக்கலா நின்னுடுது. பவுடர் தட்டிவிடுற சாக்குல வாசல்ல நிறுத்தி நான் எத்தனையோ பேருக்குச் சரிபண்ணி அனுப்பியிருக்கேன். என் தலைய நானே சரிபண்ணிக்க முடியாதுல்ல, அதான் வேற கடைக்குப் போனேன். சொன்னா நீங்க கடைக்கே வராம இருந்துடுவீங்கன்னு பயம், அதான் சொல்லல. இன்னிக்கு வெட்டுனது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. பிடரி நான் வெட்டுறதவிட நல்லா இருக்கு. இனிமே நிக்காதீங்க, உட்காந்தே வெட்டுங்க, நானும் வேற எங்கயும் போகல. உச்சி மட்டும் மேடா நிக்குது, அங்க உங்களுக்குக் கண்ணு எட்டல. நாற்காலிய இன்னும் நாலு விரக்கடை இறக்கிட்டு, அத இப்பவே எடுத்துவிடுங்க.”