வாய்மொழித் தேர்வு

முனியராஜ் தன் செல்போனை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அங்கேதான் சிக்னல் நிற்கும். கீழே ஸ்டூலின் மேல் தங்கை எழிலின் லேப்டாப் திறந்திருந்தது. கட்டிலில் அம்மா வேலுத்தாய்க்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"பரீட்சைத் தேதிய மாத்தித் தரச் சொல்லிக் கேக்கேன்ணே," என்றாள் எழில். "அம்மாவ இப்படிப் போட்டுட்டு நான் என்னத்தப் பேச?"

பக்கவாதம் வந்த நாளிலிருந்து வேலுத்தாய்க்குப் பேச்சில்லை. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிய வலது கையும் விழுந்துவிட்டது. அவள் இடது கையை மெல்ல நகர்த்தி, லேப்டாப்பைப் பார்த்து விரலை நீட்டினாள். எழில் நின்ற இடத்திலேயே நின்றாள். விரலும் இறங்கவில்லை.

"போயி உக்காரு," என்றான் முனியராஜ். "அதான் அம்மா சொல்லுதுல்ல."

எழில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேராசிரியர்கள் தெரிந்தார்கள். அவள் இங்கிலீஷில் பேசத் தொடங்கியதும் முனியராஜ் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். வேலுத்தாயைப் பார்க்க வந்த பெண்களை உதட்டில் விரல் வைத்து அங்கேயே நிறுத்தினான்.

"ஏலே, யாருகிட்ட பேசுதா?" என்று தணிந்த குரலில் கேட்டாள் கருப்பம்மாள் அத்தை.

"பரீட்சை அத்தே. இம்புட்டு வருசம் படிச்சதுக்குக் கடைசிப் பரீட்சை. ரொம்பக் காலத்துக்கு முந்தி இத்தாலிப் பக்கம் பேசுன பாஷையாம். எழுதி வச்சது ஒண்ணுகூட இல்ல. அதுல இருந்து பொறந்த பாஷைகள வச்சு, அந்தச் சொல்லு இப்படித்தான் இருந்திருக்கும்னு இவுக கண்டுபிடிக்காக."

"எந்தச் சொல்லு?"

"சொல்லுறதுங்கிற சொல்லு. டெய்க்கோன்னா நான் சொல்லுறேன். டெய்க்கெஸ்னா நீ சொல்லுற. டெய்க்கெத்னா அவ சொல்லுறா." ஒவ்வொரு லீவிலும் தங்கையைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பாடமாகியிருந்தது. "ஆதியில அதுக்குச் சொல்லுறதுன்னே அர்த்தம் இல்லியாம். கைய நீட்டிக் காட்டுறதுன்னுதானாம். பொறவுதான் வாயால சொல்லுறதுக்கும் ஆகியிருக்கு."

கருப்பம்மாள் உள்ளே எட்டி, கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தாள்.

நடுவில் ஒரு பேராசிரியர் விடாமல் மறித்து மறித்துக் கேட்டார். எழிலின் குரல் ஒருமுறை தடுமாறியது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, நிதானமாகப் பதில் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே எதையோ குறித்தார்.

"கங்க்ராஜுலேஷன்ஸ், டாக்டர் எழில்," என்று கடைசியில் திரையிலிருந்து குரல் வந்தது.

வேலுத்தாயின் இடது கை எழுந்தது. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து நீண்டது. அப்படியே திரும்பி எழிலிடம் வந்து நின்றது. கருப்பம்மாள், "பாத்துக்கிட்டோம் தாயி, பாத்துக்கிட்டோம்," என்றாள்.

மதியம் கஞ்சித் தண்ணீர் தொட்டு வைத்தபோது உதடு அசையவில்லை.

பாடைக்குச் சொல்லிவிட்டு முனியராஜ் சாத்தூருக்கு வண்டியை விட்டான். போஸ்டர் கடைக்காரர் செல்லச்சாமி, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக வேலுத்தாயின் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்.

"மக பேருக்கு முன்னால முனைவர்னு போடுங்கண்ணே."

"போட்டுருவோம்."

"எழுத்து பெருசா இருக்கணும்."

"செத்தவுக பேர விடவா?"

"அதே அளவு போடுங்க."

அம்மாவை எடுப்பதற்குள் ஒட்டிவிட வேண்டும் என்று பசை வாளியோடு அவனே பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். அவனைத் தேடி எழில் வந்தாள். போஸ்டரைப் படித்தாள்.

"பட்டம் இன்னும் கையில வரலண்ணே."

"வந்துரும்."

அவள் குனிந்து, ஒட்டாமல் நின்ற ஒரு முனையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அச்சங்குளம் போகிற பஸ் வந்து நின்றது. பட்டாசுக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்த பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். முனியராஜ் வாளியை எடுத்துக்கொண்டு, போஸ்டரை மறைக்காமல் ஒதுங்கி நின்றான்.